தராசுக்காரரின் தலை

இந்தக் கதையை அவரே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டார். அதனால் நாமும் சொல்வதில் தவறில்லை.

‘தராசு’ என்ற பெயரில், ஹெட்போன்களைச் சோதித்து எழுதும் இணையதளம் ஒன்றை அவர் நடத்திவந்தார். வாசகர்களுக்கு அவர் தராசுக்காரர். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்றால் கொஞ்சநஞ்சமல்ல. கடையில் யாராவது அடையாளம் கண்டு, “நீங்கதானே தராசுக்காரர்?” என்று கேட்டுவிட்டால் போதும். “அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்று வாய் சொல்லும். கால் தரையில் பாவாது. வீட்டுக்கு வந்ததும் அதை மனைவியிடம் சொல்லமாட்டார். அவர் முகத்தைப் பார்த்தே அவள், “இன்னிக்கு யாரு கண்டுபிடிச்சாங்க?” என்று கேட்பாள்.

சம்பளம் தருகிற வேலை வேறு. ஊருக்குக் குடிநீர் வழங்கும் நிறுவனத்தில், தண்ணீர் மீட்டர்களைச் சோதிக்கும் கூடத்துக்கு அவர் மேற்பார்வையாளர். தகராறு செய்யும் மீட்டர்களைக் கழற்றி அங்கே கொண்டுவருவார்கள். நீளமான மேசையில் வரிசையாகப் பொருத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டு, மறுமுனையில் இருக்கும் அளவுத் தொட்டியில் உண்மையில் எவ்வளவு விழுந்தது என்று பார்ப்பார்கள். மீட்டர் பொய் சொல்கிறதா, வீட்டுக்காரர் பொய் சொல்கிறாரா என்பது தெரிந்துவிடும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவர் முதல் நாளே ஒன்று சொல்லிக்கொடுப்பார். மீட்டரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் தொட்டியைச் சந்தேகப்படு. தொட்டி தப்பென்றால் ஊரிலுள்ள மீட்டர் எல்லாம் திருட்டு மீட்டராகத்தான் தெரியும். இதை விரலை ஆட்டி ஆட்டிச் சொல்வார்.

ஹெட்போன் விஷயத்திலும் அதே கறார்தான். எந்த நிறுவனத்திடமும் எதையும் இலவசமாக வாங்கமாட்டார். கடைக்குப் போய், எல்லோரையும் போல வரிசையில் நின்று, சொந்தக் காசில் வாங்குவார். தளத்தில் விளம்பரம் கிடையாது. அறிமுக விழாக்களுக்கு வீட்டிலிருந்தே தண்ணீர் பாட்டிலோடு போய், அவர்கள் நீட்டும் காபியைக் கைகூப்பித் திருப்பிவிடுவார். ஒருமுறை வந்தவர்களுக்கெல்லாம் சாவிவளையம் கொடுத்தார்கள். அவர் வேண்டாமென்று சொல்வதற்குள் யாரோ அவர் பையில் போட்டுவிட்டார்கள். மறுநாள் அதைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினார். அந்தத் தபால் செலவுக்குச் சாவிவளையக் கடையே வைத்திருக்கலாம் என்றாள் மனைவி.

“கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல” என்றார் அவர்.

“இருக்கட்டும். சாவியத்தான் எங்க வச்சோம்னு தினம் தேடுறோம்” என்றாள் அவள்.

சமையலறையை ஒட்டிய சிறிய அறைதான் அவருடைய சோதனைக்கூடம். பழைய மெத்தை ஒன்றைச் சுவரோடு நிறுத்திவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார். முதலில் தகரக் கூரையில் மழை பெய்யும் ஓசை. அவரே பதிவு செய்தது. துளித்துளியாகக் கேட்கிறதா, எல்லாம் சேர்ந்து எண்ணெயில் எதையோ போட்டதுபோல் பொரிகிறதா என்று கவனிப்பார். அடுத்தது பேருந்து நிலையத்து இரைச்சல். வண்டி எந்தப் பக்கமிருந்து வருகிறது, இருமுகிறவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதெல்லாம் காதுக்குத் தெரிய வேண்டும். பிறகு பக்கவாத்தியம் இல்லாமல் ஒரு பெண் பாடுவது. அவள் மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு கேட்க வேண்டும்; மூச்சு மட்டுமே கேட்டால் அதுவும் தப்பு. கடைசியாக, ஒரு மாலை முழுக்க அதைத் தலையில் மாட்டிக்கொண்டே வீட்டுக்குள் நடமாடுவார். அப்போது அவரிடம் பேச வேண்டியவர்கள் எதிரே போய்க் கையை ஆட்ட வேண்டும்.

அணிவதற்கு வசதியாக இருக்கிறதா என்ற பகுதிக்கு வந்தால்தான் அவர் எழுத்து வீறுகொள்ளும். காரணம், அவர் வாங்கிய ஹெட்போன்கள் எல்லாமே இறுக்கின. ஒன்று விடாமல் இறுக்கின. ஒன்றை நண்டு என்று எழுதினார். இன்னொன்றைப் பாக்குவெட்டி என்றார். அதோடு எல்லாவற்றிலும் பேஸ் தூக்கல். அடிவயிற்றில் வந்து மோதுகிற அந்தக் கனத்த ஒலி தேவைக்கு மேல் கேட்டது. ‘வயிற்றைக் கலக்குகிறது’ என்பது அவருடைய கட்டுரைகளில் அடிக்கடி வரும் தொடர். வாசகர்கள் அந்த வசவுகளை ரசித்தார்கள். ஹெட்போன் வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள்கூட வசவுக்காக வந்து படித்தார்கள்.

அப்படி ஒரு நாள் அவர் கையில் சிக்கியதுதான் அந்தச் சிறிய நிறுவனத்தின் முதல் ஹெட்போன்.

அச்சகம் ஒன்றின் பின்னால் வாடகைக் கொட்டகையில் ஒரு பெண்ணும் அவளுடைய அண்ணனும் நடத்திய நிறுவனம் அது. தங்கை பொறியாளர், பெரிய நிறுவனம் ஒன்றில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். அண்ணன் மரவேலையும் உலோக வேலையும் தெரிந்தவர். தராசுக்காரர் வழக்கம்போல் கடையில் வாங்கினார், மழையைக் கேட்டார், பேருந்து நிலையத்தைக் கேட்டார். ஒலி அருமையாக இருந்தது, பேஸ் ஒன்றைத் தவிர. எழுதினார்: ‘நல்ல குரல் வளம் உள்ள ஒரு கோபக்கார வாத்தியார், இரண்டு காதையும் பிடித்துத் தூக்கிக்கொண்டே நமக்குப் பாடிக் காட்டினால் எப்படி இருக்கும்? இந்த ஹெட்போன் அப்படி இருக்கிறது.’

எழுதிவிட்டு அந்த வரியை அவரே நாலு முறை படித்தார். ஊரும் படித்தது. எங்கெங்கோ பகிர்ந்தார்கள். கோபக்கார வாத்தியார் என்பதே அந்த ஹெட்போனுக்குப் பெயராகிவிட்டது.

மற்ற நிறுவனங்கள் என்றால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு பதில் வரும், அல்லது பதிலே வராது. இந்தப் பொறியாளர் மட்டும், ‘நீங்கள் சொன்னதைக் கவனிக்கிறோம்’ என்று பணிவாக எழுதினார். சொன்னபடியே கவனித்தார்கள். தலைக்கு மேலே வளையும் பட்டையின் வில்லைத் தளர்த்தி, காது மெத்தையை மாற்றி, பேஸைக் குறைத்து, சில மாதங்களில் இரண்டாவது ஹெட்போன் வந்தது. தராசுக்காரர் அதை வாங்கி மாட்டினார். மாட்டியபடியே கண்ணை மூடிக்கொண்டார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு ஹெட்போன் அவரை நசுக்கவில்லை.

‘கடைசியில் ஒருவர் காதுகொடுத்துக் கேட்டார்’ என்று தலைப்பிட்டு எழுதினார். ‘தலையில் இருப்பதே தெரியவில்லை’ என்று முடித்தார். அவர் இப்படி ஒன்றைப் புகழ்ந்து யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே ஆட்கள் ஓடிப்போய் வாங்கினார்கள்.

பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின.

‘தலையில் இருப்பதே தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான் ஐயா. அது என் தலையில் இல்லை. சாக்கடையில் இருக்கிறது’ என்று எழுதினார் ஒருவர். காலணிக் கயிறு கட்டக் குனிந்தாராம். இன்னொருவர், ‘நிமிர்ந்து உட்கார்ந்தால் நிற்கிறது. தலையாட்டினால் விழுந்துவிடுகிறது. எனக்குக் கல்யாணமாகிவிட்டது, தலையாட்டாமல் இருக்க முடியாது’ என்றார். தாளக் கருவிகள் எல்லாம் தீப்பெட்டியைத் தட்டுவதுபோல் கேட்கின்றன, பேஸ் எங்கே போயிற்று என்று கேட்டார் ஓர் இசை ஆசிரியர்.

தராசுக்காரர் கலங்கவில்லை. ஜனங்களுக்கு மாட்டத் தெரியவில்லை என்று முடிவு கட்டினார். ‘ஹெட்போனை முறையாக அணிவது எப்படி’ என்று படங்களோடு ஒரு கட்டுரை போட்டார். அதற்கு வந்த பதில்களை இங்கே எழுதுவது நாகரிகமாக இருக்காது.

கட்டுரை வந்த வாரக் கடைசியில் வீட்டிலேயே ஒரு சோதனை நடந்தது. பள்ளியில் அறிவியல் ஆசிரியையான மனைவி கூடத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

“இதைக் கொஞ்சம் போட்டுப் பாரேன்” என்று ஹெட்போனை நீட்டினார்.

அவள் சிவப்புப் பேனாவைக் கையில் பிடித்தபடியே மாட்டினாள். அடுத்த விடையைத் திருத்தக் குனிந்தாள். ஹெட்போன் நெற்றி வழியாக இறங்கி, மூக்கில் ஒரு கணம் தங்கி, விடைத்தாளில் விழுந்தது.

“கொண்டை போட்டிருக்கேல்ல, அதான்” என்றார் அவர்.

அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டு மறுபடி மாட்டினாள். மறுபடி விழுந்தது.

“உனக்குத் தலை சின்னது” என்றார்.

கல்லூரியில் படிக்கும் மகளைக் கூப்பிட்டார். அவள் மாட்டிக்கொண்டு தலையை ஒருமுறை திருப்பினாள். ஹெட்போன் கழுத்துக்கு வந்துவிட்டது. “அவளுக்கும் உன் தலை” என்றார் மனைவியிடம். அந்த நேரம் பார்த்து ஏணி இரவல் வாங்க மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருப்பவன். உள்ளே வந்தவனை நிறுத்தி அவன் தலையிலும் மாட்டினார். அவன் அதை மாட்டிக்கொண்டு ஏணியைத் தூக்கினான். அவ்வளவுதான்.

“மாமா, இது காதுக்கா, கழுத்துக்கா?” என்றான்.

“உங்க பரம்பரைக்கே சின்னத் தலை போல” என்றார் தராசுக்காரர்.

சொன்ன பிறகுதான் கூடத்தில் பேனாக் கீறல் நின்றுபோனதைக் கவனித்தார். மனைவி மூடியை எடுத்துப் பேனாவை மூடினாள்.

“எங்க பரம்பரையப் பத்தி அப்புறம் பேசலாம். உங்க பக்கத்து ஆளு ஒருத்தரைக் கேளுங்க.”

அவர் பக்கத்துச் சொந்தம் ஓர் அண்ணன் மட்டும்தான். வேறு ஊரில் இருக்கிறார். தம்பியின் கட்டுரையைப் படித்துவிட்டு அவரும் அதே ஹெட்போனை வாங்கியிருந்தார். தராசுக்காரர் உடனே போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“அண்ணே, அந்த ஹெட்போன் எப்படி இருக்கு?”

“பிரமாதம்டா. இந்த மாதிரி வசதியா நான் ஒண்ணு போட்டதே இல்ல. போட்டுக்கிட்டே தூங்கிட்டேன்னா பாரேன்.”

தராசுக்காரர் போனை வைத்துவிட்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வேறு ஊர், வேறு ஆள், வேறு ஹெட்போன், அதே முடிவு. இதைவிட நடுநிலையான சான்று வேண்டுமா என்று கேட்டார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தன் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். மைத்துனன் ஏணியைத் தூக்கிக்கொண்டு அவசரமாகக் கிளம்பினான். தெருவுக்குப் போய்த்தான் சிரித்தான் என்று பிறகு தெரியவந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பொறியாளர் வந்தார். முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் வந்தார். தோளில் ஒரு பை, கையில் துணி சுற்றிய ஏதோ ஒன்று. சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துத் தராசுக்காரர் சட்டை மாற்றிக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துவைத்திருந்தார். ஆனால் அந்த முகத்தில் சண்டை இல்லை. சரியாகத் தூங்காத முகமாக இருந்தது. மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். பொறியாளர் மறுக்காமல் வாங்கிக் குடித்தார்.

“உங்க மேல குறை சொல்ல வரல சார். கொட்டகை பூரா திரும்பி வந்த பெட்டிதான். எங்க அண்ணன் பெட்டி மேல உக்காந்துதான் சாப்பிடுறாரு. ஆனா ஒருத்தர் எழுதுனதை நம்பி வில்லைத் தளர்த்துனது நான். அது என் தப்பு.”

“இல்லம்மா, நான் என்ன சொல்றேன்னா, ஜனங்க போடுற முறை” என்று தராசுக்காரர் மனப்பாடத்தைத் தொடங்கினார்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல” என்றார் பொறியாளர். துணியைப் பிரித்தார். உள்ளே வழுவழுவென்று இழைத்த ஒரு மரத்தலை. காது இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் காதுகள். “சராசரி அளவுல அண்ணன் செஞ்சது. இதுல மாட்டித்தான் அழுத்தம் பாப்போம். ரெண்டாவது மாடல் இதுல நிக்கவே இல்ல. எனக்கு அப்பவே சந்தேகம். அண்ணன்தான், ‘அத்தனை ஹெட்போன் பாத்த மனுஷன் தலைக்குத் தெரியாதது நம்ம மரக்கட்டைக்கா தெரியப்போவுது’ன்னு சொல்லி இதைத் தூக்கி ஓரமா வச்சுட்டாரு. மரத்துல நிக்கல. எங்க தலையில நிக்கல. உங்க தலையில எப்படி நிக்குது? அதைக் கண்ணால பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்.”

நியாயமான கோரிக்கையாகத்தான் இருந்தது. தராசுக்காரர் ஹெட்போனை எடுத்து, பட்டையைக் கடைசி வரைக்கும் இழுத்துவிட்டு மாட்டினார். நின்றது. தலையை இடமும் வலமும் ஆட்டினார். நின்றது. பொறியாளர் கேட்கும் முன்பே கூடத்தின் நடுவில் நின்று குதித்துக் காட்டினார். ஹெட்போன் அசையவில்லை, சுவரில் இருந்த கடிகாரம்தான் அசைந்தது. வெற்றியோடு திரும்பிப் பார்த்தார்.

பொறியாளர் அவரைச் சுற்றிவந்தார். எதிரே நின்று பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார். வீட்டுமனை வாங்க வந்தவர் எல்லைக்கல்லைத் தேடுவதுபோல இருந்தது. பிறகு மேசையில் இருந்த மரத்தலையைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க” என்றார் மெதுவாக. “அக்கா, வீட்ல தையல் டேப் இருக்கா?”

மனைவி ஏற்கெனவே எழுந்து போய்விட்டிருந்தாள். கேட்டு முடிப்பதற்குள் டேப்போடு வந்தாள்.

நெற்றிக்கு மேலே தொடங்கிப் பின்னந்தலையைச் சுற்றி டேப் வந்தது. பொறியாளர் எண்ணைப் படித்தார். டேப்பைச் சரிசெய்து மறுபடி சுற்றினார். அதே எண். பிறகு மகளை அழைத்து, இரண்டு தடித்த புத்தகங்களை அவருடைய இரண்டு காதுகளோடும் ஒட்டி நேராகப் பிடிக்கச் சொன்னார். புத்தகங்களுக்கு நடுவே ஸ்கேலை வைத்து அகலம் பார்த்தார். மரத்தலைக்கும் அதேபோல் பார்த்தார். இரண்டு எண்களையும் யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. மகள் மட்டும், “அப்பா, உங்க தலைக்குள்ள அந்தத் தலைய வச்சுட்டு, சுத்தி பேப்பர் வச்சு அடைக்கலாம்ப்பா” என்றாள்.

“பட்டை எவ்வளவு விரியுதோ அவ்வளவு இறுக்கும் சார்” என்றார் பொறியாளர். குரலில் ஓர் ஆசிரியையின் பொறுமை இருந்தது. “உங்களுக்கு எதைப் போட்டாலும் ரொம்ப விரியும். ரொம்ப இறுக்கும். மெத்தை தோலோட அப்படியே ஒட்டிக்கும், காத்துப் போக வழியே இருக்காது. அதனால பேஸ் பூரா உள்ளயே நிக்கும். மத்தவங்களுக்கு அந்த அளவு ஒட்டாது. கொஞ்சம் கசியும். அதுக்குத்தான் பேஸைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறது.”

தராசுக்காரர் உட்கார்ந்தார். ஹெட்போன் இன்னும் தலையிலேயே இருந்தது, வசதியாகத்தான் இருந்தது. அதுதான் வேதனை.

அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த அளவுத் தொட்டி. இத்தனை வருஷமாக விரலை ஆட்டி ஆட்டிச் சொன்ன அந்தத் தொட்டியை அவர் தோளுக்கு மேலேயே சுமந்துகொண்டு அலைந்திருக்கிறார். நண்டு, பாக்குவெட்டி, வாத்தியார் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஊரிலுள்ள ஹெட்போன்களை எல்லாம் விமர்சித்ததாக நினைத்துக்கொண்டு, ஒரே ஒரு மண்டையைத்தான் விதவிதமாக விமர்சித்திருக்கிறார். அண்ணனின் சான்று வேறு. அண்ணனுக்கும் அவருக்கும் சின்ன வயதிலிருந்து ஒரே தொப்பி.

“உனக்குத் தெரியுமா?” என்று மனைவியைக் கேட்டார்.

“தெரியாம என்ன? கல்யாணமான புதுசுல குளிருக்குக் குல்லா பின்னிக் கொடுத்தேனே, மூணு தடவை பிரிச்சுப் பின்னினேன்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“புருஷன்கிட்டப் போயி உங்களுக்குத் தலை ரொம்பப் பெருசாயிடுச்சுன்னு எப்படிங்க சொல்றது? அதுவும் ‘நீங்கதானே தராசுக்காரர்’னு யாராச்சும் கேட்டுட்டு வந்த அன்னிக்கு? சண்டைக்கு இழுக்கிறேன்னு நினைப்பீங்க.”

பொறியாளர் சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கப் பார்த்துப் புரையேறி இருமினார். அந்த இருமலோடு வீட்டில் சிரிப்பு வெடித்தது. மகள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். தராசுக்காரருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. பொறியாளரின் அண்ணன் பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பிடுவது கண்ணில் தெரிந்தது.

அன்றிலிருந்து சில நாட்கள் அவர் தளத்தின் பக்கமே போகவில்லை. தளத்தையே மூடிவிடலாமா என்று யோசித்தார். பிறகு உட்கார்ந்து ஒரு விளக்கம் எழுதினார். சராசரி மனிதன் என்பவனே ஒரு கற்பனைதான், மனிதத் தலைகளின் அளவுகள் பரந்துபட்டவை, எந்தச் சோதனைக்கும் எல்லைகள் உண்டு என்று நீளமாக, நாலாபக்கமும் மேற்கோள்களோடு போயிற்று அது. மனைவியிடம் படிக்கக் கொடுத்தார். பழக்க தோஷத்தில் அவள் சிவப்புப் பேனாவோடுதான் படித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. எல்லார் தலையும் இருக்கு. உங்க தலைதான் எங்கயும் காணோம்.”

அவர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். ‘என் தலை பெரியது. இது வீண்பெருமையாகச் சொல்வதல்ல, டேப் வைத்து அளந்தது’ என்று தொடங்கினார். அளவைப் போட்டார். தலையைச் சுற்றி டேப்போடு தான் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்டார். மகள் எடுத்த படம், எந்தக் கோணத்திலும் தயவுதாட்சண்யம் இல்லாத படம். இறுக்கம் பற்றியும் பேஸ் பற்றியும் தான் இதுவரை எழுதியதெல்லாம் இந்த அளவுத் தலைக்கு மட்டுமே பொருந்தும், மற்றவர்கள் அவற்றைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளலாம் என்றார். கோபக்கார வாத்தியார் உண்மையில் சாதுவான வாத்தியார்தான், தவறு மாணவனின் தலையில் என்றார். தன் பேச்சைக் கேட்டு அந்தச் சிறிய நிறுவனம் பட்ட கஷ்டத்தையும் ஒளிக்காமல் எழுதினார். இரண்டாவது ஹெட்போன், பெரிய தலைக்காரர்களுக்கு மட்டும் நல்லது, மற்றவர்கள் தயவுசெய்து வாங்க வேண்டாம் என்று முடித்தார். வெளியிடும் பொத்தானை அழுத்திவிட்டுப் போனை அணைத்து, பாத்திரம் கழுவப் போனார்.

மறுநாள் மதியம், சோதனைக்கூடத்தில் மீட்டர்களுக்கு நடுவே நின்றுதான் பதில்களைப் படிக்கத் துணிந்தார். திட்டியவர்கள் திட்டியிருந்தார்கள், அதில் நியாயம் இருந்தது. நிறையப் பேர் சிரித்திருந்தார்கள். தராசுக்காரர் என்ற பெயர் ஒரே இரவில் ஒழிந்து பூசணிக்காரர் என்றாகியிருந்தது. ஆனால் அவர் எதிர்பார்க்காத ஒரு கூட்டமும் வந்திருந்தது. ‘ஐயா, எனக்கும் அதே அளவு. கடையில் எதைப் போட்டாலும் வலிக்கும், வெளியே சொன்னால் கேலி செய்வார்கள். உங்கள் எழுத்தைப் படிக்கும்போதுதான் நமக்காகப் பேச ஒருத்தர் இருக்கிறார் என்று தோன்றும். காரணம் இப்போதுதான் தெரிகிறது’ என்று எழுதியிருந்தார் ஒரு லாரி ஓட்டுநர். அதுபோல ஒன்றல்ல, பலது. அவருடைய அண்ணனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். பொதுவில், எல்லோரும் படிக்கும் இடத்தில், ‘நம்ம அப்பாவுக்கும் இதே தலைதான்டா’ என்று எழுதியிருந்தார்.

அந்தக் கூட்டம்தான் கொட்டகையில் கிடந்த பெட்டிகளை வாங்கத் தொடங்கியது. எல்லாமே போய்விடவில்லை. ஊரில் அத்தனை பெரிய தலைகள் இல்லை. ஆனால் தன் அண்ணன் உட்கார்ந்து சாப்பிட ஒரு நாற்காலி போடும் அளவுக்கு இடம் வந்துவிட்டது என்று பொறியாளர் எழுதியிருந்தார். மூன்றாவது மாடலில், தலைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளும் வில் வைக்கப்போவதாகவும், அதற்காக ஓர் உதவி வேண்டும் என்றும் கேட்டிருந்தார். பெரிய அளவில் ஒரு மாதிரித்தலை செய்ய வேண்டும். அச்சு எடுக்கத் தலை தருவாரா?

தராசுக்காரர் இரண்டு நாள் தவித்தார். ஒரு நிறுவனத்துக்குத் தலையைக் கொடுத்துவிட்டு, அதே நிறுவனத்தின் பொருளை நடுநிலையாக விமர்சிப்பது எப்படி? மைத்துனன்கூட யோசனை சொன்னான்: “வாடகைக்கு விட்டதா வச்சுக்குங்க மாமா.” கடைசியில் மனைவிதான் வழி சொன்னாள். இனி அந்த நிறுவனத்தின் ஹெட்போனைத் தானும் மகளும் மைத்துனனும் சோதிப்பது, எழுதுவதும் அவர்களே, அவர் எழுத்துப் பிழை மட்டும் பார்ப்பது. மற்ற நிறுவனங்களுடையதையும் நாலு தலையில் மாட்டிப் பார்த்த பிறகே எழுதுவது. அதிலிருந்து ஒரு கட்டுரை முடிய இரண்டு மடங்கு காலம் ஆகிறது. மகளுக்குப் பிடித்தது மைத்துனனுக்குப் பிடிப்பதில்லை. மனைவி யாருக்கும் சலுகை மதிப்பெண் போடுவதில்லை.

அச்சகத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் கொட்டகைக்கு அவர் ஒரு சனிக்கிழமை போனார். பொறியாளரின் அண்ணன் அவரை முக்காலியில் உட்காரவைத்து, துணி போர்த்தி, முடியில் எண்ணெய் தடவினார். மூக்குக்கு இரண்டு குழாய் விட்டு, நனைத்த மாவுக்கட்டுத் துணியைச் சுற்றிச் சுற்றி ஒட்டினார். காது அடைத்தது, கண் இருண்டது. உலகம் எங்கோ தள்ளிப்போனது. மழையும் இல்லை, பேருந்து நிலையமும் இல்லை. தன் மூச்சு மட்டும் குழாயில் போய்வருவது கேட்டது. அந்த அமைதியில் அவருக்கு நியாயமாக ஏதாவது உயர்ந்த சிந்தனை வந்திருக்க வேண்டும். தும்மல்தான் வந்தது. அடக்கிக்கொண்டார்.

அச்சைப் பிரித்து, உள்ளே அதே மாவைக் கரைத்து ஊற்றி, வெளியே எடுத்த தலையை மரத்தலைக்குப் பக்கத்தில் வைத்தார் அண்ணன். தன் பின்னந்தலையைத் தராசுக்காரர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். கேரம் விளையாடலாம் போல அங்கே சமதளமாக இருந்தது.

“மாவு கொஞ்சம் கூடத்தான் ஆயிடுச்சு” என்றார் அண்ணன் சங்கடமாக.

தராசுக்காரர் உடனே சட்டைப் பையில் கைவிட்டார். மாவுக்கு உண்டானதைத் தான்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். பொறியாளர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டு வந்தார். புருவத்திலும் காதோரத்திலும் மாவு காய்ந்து வெள்ளையாக உதிர்ந்துகொண்டிருந்தது.

“வெள்ளையடிக்கிற வேலைங்களா?” என்று கேட்டார் பெரியவர்.

“ஆமாங்க” என்றார் அவர். “கொஞ்சம் பெரிய கட்டடம்.”